டேங்க்கை மட்டும் மாற்றினால் போதாது
கழிப்பறையில் பழைய 10 லிட்டர் ஃப்ளஷ் டேங்க்குக்குப் பதில் 3/6 லிட்டர் டூயல் ஃப்ளஷ் டேங்க் (சின்ன பட்டனுக்கு 3, பெரிய பட்டனுக்கு 6 லிட்டர்) மாட்டினாலே தண்ணீர் மிச்சமாகும் என்கிறது ஒரு கட்டுரை. ஆனால் கழிப்பறைக் கோப்பையையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கோப்பையின் வளைவு 10 லிட்டர் வேகத்துக்காகச் செய்தது. 6 லிட்டரில் கழிவு பல சமயம் முழுசாகப் போகாது. இரண்டு தடவை அழுத்தினால் மிச்சம் எங்கே?

வாங்கும் முன் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரைக்குழாயின் நடுப்புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். கழிவுக் குழாய் தரைக்குள் போகும் எஸ் டிராப் கோப்பையில் 4, 9, 12 அங்குலம் என்று வெவ்வேறு அளவுகள் உண்டு. குழாய் சுவருக்குள் போனால் பி டிராப்.

சென்னை போர் தண்ணீரில் உப்புப் படிந்து ஃப்ளஷ் வால்வு வாஷர் சத்தமில்லாமல் கசியும். டேங்க்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உடனே வாஷரை மாற்றிவிடுங்கள்.