போட்டியாளருக்காக அழுதால் மனநோயா?

“ரியாலிட்டி ஷோ போட்டியாளர் வெளியேறும்போது அழுகிறவர்களுக்கு மனநோய்; தனிமையில் வாடுபவர்களுக்குத்தான் இது வரும்” என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

திரையில் நாம் பார்க்கும் ஒருவர்மேல் நமக்கு ஒருதலையாக உருவாகும் இந்த நெருக்கத்தை ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே விவரித்தார்கள். நோய்ப் பட்டியல் எதிலும் இது இல்லை. உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பவர்களிடம் ரூபினும் சக ஆய்வாளர்களும் 1985-ல் நடத்திய ஆய்வில், இந்த நெருக்கத்துக்கும் தனிமைக்கும் தொடர்பு தெரியவில்லை.

பாசம் வருவதற்கு நிகழ்ச்சியின் அமைப்பே பெரிய காரணம். தனியறையில் கேமராவைப் பார்த்துப் போட்டியாளர் பேசும்போது, நம்மிடமே மனம்விட்டுப் பேசுவதுபோல் இருக்கிறது. அதையே தினமும் பார்த்தால் ஒட்டுதல் வராமல் இருக்குமா?

ஆனால் நாம் பார்ப்பது எடிட்டிங் மேஜையில் உருவான ஆளை. குரல் ஓடும்போது வாய் தெரியாமல் வேறு முகத்தைக் காட்டுகிறார்களா, வாக்கியத்தின் நடுவே தொனி மாறுகிறதா, மேஜைமேல் உள்ள கிளாஸில் தண்ணீரின் அளவு சட்டென ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். வெவ்வேறு நேரத்துக் காட்சிகளை ஒட்டியிருக்கலாம். இப்படிப்பட்ட துண்டை நம்பி எதிர்ப் போட்டியாளரின் குடும்பத்தைத் திட்டுவது பெரிய கொடுமை.

அழுகை இயல்பானது. தூக்கம், வேலை, பணம் கெடுவதும், ‘அவர் எனக்கு மட்டும் ரகசிய சைகை காட்டுகிறார்’ என்று உறுதியாக நம்புவதும் வேறு. அப்போது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.