ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க மனமில்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு மேற்கே ஒரு மைதானத்தில், குதிரைமேல் இருந்து மட்டையால் பந்தடிக்கும் போலோ ஆட்டம் பார்க்கப் போனோம். இன்று புதன்கிழமை. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அப்பாவுக்கு 76 வயது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். ஆண்டுதோறும் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்குக் கிரேவில் மைதானத்தில் முதல் ஆளாக நிற்கிற மனிதர். நடையைப் பார்த்தே குதிரைக்கு எந்தக் கால் நோகிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய இளமைக்கால நிறவெறிச் சட்டங்கள் நம் இந்திய வம்சாவளியினரைப் போலோ மைதானங்களின் பக்கமே அண்டவிடவில்லை. "ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்" என்று அவர் சொன்னதற்காகத்தான் தலைக்கு 250 ராண்ட் கொடுத்து நான்கு டிக்கெட் வாங்கினேன். அவர், நான், மனைவி, பதினொரு வயது மகள்.

டிக்கெட்டோடு ஒரு செய்தி வந்தது. என்ன நிறத்தில் உடுத்த வேண்டும், எப்படிப்பட்ட தொப்பி அழகு, கூரான குதிகால் செருப்பு புல்லில் புதையும் என்று நீளமாக எழுதியிருந்தார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே போனால் சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

முதல் பந்தை உருட்டும் முன்பே பலகையில் ஒரு அணிக்கு ஒன்றரை கோல் போட்டிருந்தார்கள். "அரை கோலை எப்படி அப்பா அடிப்பார்கள்?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் திறமையைப் பொறுத்துக் கழித்தல் இரண்டிலிருந்து பத்து வரை ஒரு மதிப்பு உண்டு. அணியின் நான்கு பேருடைய மதிப்பையும் கூட்டி, இரு அணிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சக்கா எனப்படும் ஆட்டச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஆறால் வகுத்து, வரும் விடையைப் பலவீனமான அணிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். மிச்சம் எவ்வளவு வந்தாலும் அதை அரை என்று கொள்வார்கள். அன்று நான்கு சக்கா, வித்தியாசம் இரண்டு. எட்டை ஆறால் வகுத்தால் ஒன்று சொச்சம், அதுவே ஒன்றரை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒலிபெருக்கியில் பேசியவர் மூன்று மணி நேரம் பேசினார். விளம்பரம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னார், சிறந்த உடைக்குப் பரிசு அறிவித்தார், மீண்டும் நன்றி சொன்னார்.

நெஞ்சு கொதித்தது அடுத்ததில்தான். மகள் மஞ்சள் சட்டை அணியைத் தன் அணியாக வரித்துக்கொண்டாள். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். போலோவில் கோல் விழுந்ததும் இரு அணிகளும் திசை மாற்றிக்கொள்ளும். அது எங்களுக்குத் தெரியாது. மைதானமோ 300 கஜ நீளம், 160 கஜ அகலம். மறுகோடியில் யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று இங்கிருந்து பிடிபடாது. மஞ்சளுக்கு எதிராக விழுந்த கோலுக்கு அவள் எழுந்து நின்று கைதட்டினாள். முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவள் கை தட்டவே இல்லை. காசு கொடுத்துக் கூட்டிப்போய் என் குழந்தையை வெட்கப்பட வைத்திருக்கிறேன்!

நிழல் முழுவதும் கூடாரத்துக்குள். அங்கே காலி நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எங்கள் கைப்பட்டையின் நிறம் வேறு என்று காவலர் தடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு இட்ட வேலை. ஆனால் 76 வயதுக்காரர் வெயிலில் நிற்பதைக் கண்டும் ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போடச் சொல்ல நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடைவேளையில் கூடாரத்து ஆட்கள் கோப்பையும் கையுமாக மைதானத்துக்குள் இறங்கினார்கள். அது அவர்களுக்கு மட்டும் உள்ள சலுகை என்று நினைத்து நாங்கள் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றோம். குதிரைக் குளம்பு பெயர்த்த புற்கரணைகளைப் பார்வையாளர்கள் எல்லோருமே மிதித்துச் சமப்படுத்துவது இந்த ஆட்டத்தின் பழைய வழக்கமாம். அப்பா அந்தப் புல்லில் கால் வைத்திருக்கலாம். ஒருவர் கூப்பிட்டிருந்தால் போதும்.

அன்று எங்களிடம் மனிதராகப் பேசியவர் ஒருவர்தான். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வியர்த்த குதிரையை நடத்திக்கொண்டிருந்த இளைஞர். அப்பா அவரிடம் ஜூலு மொழியில் பேச்சுக் கொடுத்தார். பிடரிமயிரை மழித்திருப்பதும் வாலைப் பின்னிக் கட்டியிருப்பதும் மட்டையில் சிக்காமல் இருக்கத்தான் என்றார் அந்த இளைஞர். ஒரு சக்கா ஓடிய குதிரைக்கு அடுத்த சக்காவில் ஓய்வு என்றார். பந்து போகும் கோடுதான் சட்டம், அதைப் பின்தொடர்ந்து வருபவனின் பாதையைக் குறுக்கே வெட்டினால் விசில் என்று மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். அதற்குள் கடைசிச் சக்காவும் முடிந்துவிட்டது.

பரிசளிப்பில் இது ஆங்கிலேயர் உலகுக்குத் தந்த ஆட்டம் என்று வேறு பேசினார்கள். இல்லை ஐயா! மணிப்பூர் மக்கள் ஆடியதைப் பார்த்துத்தான் தேயிலைத் தோட்டத்து வெள்ளையர்கள் 1859-இல் அஸ்ஸாமின் சில்சாரில் போலோ மன்றம் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் மதராஸில் ஏறிய நம் முன்னோர் டுரூரோ கப்பலில் இந்த நேட்டால் கரையில் இறங்கினார்கள். போலோ என்ற பெயர் பந்தைக் குறிக்கும், இமயமலைப் பக்கத்துப் பால்டி மொழிச் சொல். சக்கா என்பதும் நம் சக்கரத்துக்கு உறவுதான். இவ்வளவு நெருக்கமான ஒன்றை எங்களுக்கே அந்நியமாக்கிக் காட்டினார்கள்.

இணையத்தில் தேடிப் படித்துவிட்டு வரவேண்டியதுதானே என்று ஒரு நண்பர் சொன்னார். கிரேவிலில் ரேஸ் புத்தகம் வாங்கினால் குதிரையின் எண், சுமக்கும் எடை, சவாரிக்காரரின் சட்டை நிறம் எல்லாம் அதில் இருக்கும். முதல் தடவை வருபவனும் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்துக்குள் நுழைந்துவிடுவான். போலோவுக்கு ஒரே ஒரு தாள் போதும். எங்கள் 1000 ராண்டில் அதற்குக் காசில்லையா?

திங்கட்கிழமை காலையிலேயே நிர்வாகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நேற்று மாலை அடுத்த ஆட்டத்துக்கான விளம்பரம் மட்டும் வந்தது. தொப்பியைப் பற்றி நான்கு வரி இருக்கிறது.