பலம் மட்டும் போதாது
நீராவிப் போர்க்கப்பல்களின் கொதிகலன் அறையில் வேலை செய்ய ‘உடல் பலம் ஒன்றே போதும்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) அடுப்புக்கு விறகு போட்டவர். தேயிலையை உலர்த்தும் ட்ரையரில் சூடு ஏறினால் தூள் கருகிவிடும், இறங்கினால் ஈரம் நின்றுவிடும். நல்ல பலசாலிகள்கூட அந்த அடுப்படியில் நிற்க முடியாமல் தோட்டத்து மலை வேலைக்கே திரும்பிப் போனதாகச் சொல்வார். கப்பலில் இது இன்னும் கடினம். நிலக்கரியை ஓரிடத்தில் குவிக்காமல் அடுப்பு முழுக்க மெல்லியதாக, சமமாக வீசவேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தால் குளிர்காற்று புகுந்து நீராவி அழுத்தம் குறையும். அளவுக்கு மீறிப் போட்டால் கரும்புகை எழுந்து, கப்பல் இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். உருகி இறுகிய கசடை நீளக் கம்பியால் உடைத்து இழுக்கவேண்டும், அதுவும் கப்பல் உருண்டுகொண்டிருக்கும்போது. கை பழகாதவனுக்கு இதெல்லாம் வருமா? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், கரிக்குப் பதிலாக எண்ணெய் வந்ததும் கொதிகலன் அறைக்காரர்களின் கஷ்டம் தீர்ந்தது என்கிறார். கரி அள்ளுவது நின்றது, சரி. ஆனால் ஆபத்து நிற்கவில்லையே. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் எண்ணெயில் ஓடியதுதான். அதில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட கப்பல்களில் கொதிகலன் பார்த்தவர்கள் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தார்கள், ஏணி ஏறித்தான் தப்பவேண்டும். இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியைப் பற்றியும் கட்டுரையாளர் தனியாக எழுதவேண்டும்.