அந்தக் குரலுக்கு எங்கள் ஒழுங்கையைத் தெரியாது

நேற்று இரவு எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஐஸ் என்ற போதைப்பொருளோடு பிடிபட்ட ஒரு பெடியன். முகத்தைக்கூட மறைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் அவன் யாருடைய மகன், தாய் எங்கே வேலை செய்கிறா, வீடு எந்தக் கோயிலடி என்று எல்லாமே வந்துவிட்டது. கடைசியில் ஒருவர் எழுதினார்: "போதைக்கு உதவி கேட்கிற நம்பர் இருக்குத்தானே. அந்த மனுசி ஒரு கோல் எடுத்திருந்தா பிள்ளை இப்படிப் போயிருக்குமா?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நான் ஒன்றும் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை. என் அண்ணாவின் குடிக்காக அந்த "ஒரு கோல்" எடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அண்ணாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பக்கத்தில் எழுதினால் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றேன். "ஊருக்குத் தெரியாமலா நான் குடிச்சனான்? எழுது" என்றார்.

அண்ணா வயரிங் வேலை செய்பவர். எங்கள் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரருக்கு சீசன் தொடங்குமுன் ஓய்வில்லாத வேலை இருக்கும். மாரி பிறந்தால் கடலும் கொந்தளிக்கும், வேலையும் படுத்துவிடும். அந்த மாரிகளில்தான் கால் போத்தல் அரைப் போத்தலானது. பிறகு மாரி கோடை என்று வித்தியாசம் இல்லாமல் போனது. நாங்கள் எல்லோரும் பின்னேரத்துக் குடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுச் சுவிட்ச் ஒன்றை மாற்ற வந்தவர், டெஸ்டரைத் திருகாணியில் வைக்க முடியாமல் நின்றார். நுனி அங்கும் இங்கும் நழுவி சுவரைக் கீறியது. "இந்தா வாறன்" என்று வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது கை கல்லுப் போல நின்றது. இருபது வருடமாகக் கரண்டோடு வேலை செய்கிற மனிதர். அந்தக் கீறல் இன்னும் சுவரில் இருக்கிறது.

பிறகு எங்கள் ஊரில் என்னென்ன செய்வார்களோ அவ்வளவும் செய்தோம். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்து அம்மா நூல் கட்டிவிட்டா. பதினொரு நாள் தொடவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்தப் பதினொரு நாளும் அம்மா நித்திரை கொண்டா. பெரியப்பா வந்து சத்தியம் வாங்கினார். மச்சாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனா, திரும்பி வந்தா, மறுபடியும் போனா. மாமி ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "கறிக்குள்ள கலந்து குடுக்கிற குளிசை ஒண்டு இருக்குதாம் பிள்ளை, அவருக்குத் தெரியவே தெரியாது" என்றா.

இந்தக் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பல வீடுகளில் இது நடக்கிறது. பெரும்பாலும் அது டைசல்பிராம் என்ற மருந்து. அதைப் போட்ட உடம்பில் சாராயம் இறங்கினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் சரேலென்று இறங்கும். குடிப்பவர் தானே விரும்பி, வைத்தியரின் கண்காணிப்பில், குடித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்து எடுக்கவேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போல அரைப் போத்தலைக் குடித்துவிட்டு, தனக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமலே விழுவார். இருதய வருத்தம் உள்ளவர் என்றால் உயிரே போகலாம். மாமி நல்ல மனதோடுதான் சொன்னா. நானும் ஒரு கிழமை அதை யோசித்துக்கொண்டு திரிந்தேன், பொய் சொல்லவில்லை.

சரி, நம்பர். அது என் போனில் இருந்தது. "தையல் அக்கா" என்று பெயர் போட்டு வைத்திருந்தேன், யாராவது போனைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. எது அந்த இலக்கம் என்பதை இங்கே எழுதவில்லை, காரணம் பிறகு புரியும்.

ஏன் எடுக்கவில்லை? சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை. எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று இருக்கமுடியும் என்பதையே நான் நம்பவில்லை. மருந்துக்கடையில் நிற்கிற பெடியன் என் தம்பியோடு படித்தவன். கிளினிக்கில் துண்டு எழுதுகிறவர் "நீங்க மாஸ்டரின்ர மகளெல்லோ, ஆருக்குக் காட்ட வந்தனீங்க?" என்று கேட்பார். அக்கறையில்தான் கேட்பார், ஆனால் வரிசையில் நிற்கிற இருபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். விதானையிடம் (கிராம அலுவலரிடம்) சொன்னால் வீதிக்கே சொன்னதுபோல. இப்படி ஒரு ஊரில் வளர்ந்தவளுக்கு "உங்கள் விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும்" என்ற வரி, சாப்பாட்டுக் கடையில் "சுத்தம் சுகாதாரம்" என்று எழுதியிருப்பதைப் போலத்தான்.

அடுத்தது பயம். சும்மா பயம் என்று தள்ளிவிடாதீர்கள். 2022இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள்; 5 கிராம் ஐஸுக்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும். அதே வருடம் ஜூனில் போதைக்கு அடிமையானவர்களை வைத்திருக்கும் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் கலவரம் நடந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். எங்களுக்கு அந்த இடம் ஒன்றும் தூரமில்லை, பொலன்னறுவை மாவட்டம். அதற்குப் பிறகு "கந்தக்காட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள்" என்பது வீடுகளில் வெருட்டும் சொல்லாகிவிட்டது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான "யுக்திய" என்ற பொலிஸ் சுற்றிவளைப்புகள் தொடங்கின. ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் கைது என்று செய்தியில் கணக்குச் சொன்னார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு தாய் போனை எடுத்து "என்ர மகன் ஐஸ் பாவிக்கிறான்" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கட்டைவிரல் போடுவது லேசு.

இதில் போஸ்டர் அடிக்கிறவர்களின் வேலையும் இருக்கிறது. போதைப்பொருள் விற்பவரைப் பற்றித் தகவல் கொடுக்கிற இலக்கத்தையும் உதவி கேட்கிற இலக்கத்தையும் ஒரே தாளில், ஒரே சிவப்பு எழுத்தில், விலங்கு மாட்டிய கைகளின் படத்துக்குக் கீழே போட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? 119 பொலிஸ். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். 1984இல் சட்டத்தின் மூலம் உருவான சபை அது. ஆலோசனையும் சிகிச்சையும் அதன் வேலைகள்தான், ஆனால் "கட்டுப்பாட்டுச் சபை" என்ற பெயரைக் கேட்டால் என் அம்மா கதவைப் பூட்டுவா. 1926 அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். அதற்கும் ஒரு தொல்லை: "அங்கொடை" என்பதே எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து நக்கலடிக்கிற சொல். இந்த இலக்கங்களை யாராவது தனியாக, விலங்குப் படமில்லாமல், ஒரு பால்மா விளம்பரம் போலச் சாதாரணமாக அச்சடித்தால் என்ன?

நான் முதல்தரம் எடுத்தபோது மறுபக்கம் சிங்களத்தில் வணக்கம் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும், மீன் வாங்குகிற அளவுக்கு. அண்ணாவின் குடியைப் பற்றிச் சொல்ல வராது. வைத்துவிட்டேன். அத்தோடு இன்னும் மூன்று கிழமை போனது.

இரண்டாவது தரம் எடுத்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். முதல்நாள் இரவு பெரியப்பாவும் இரண்டு மச்சான்மாரும் அண்ணாவை அறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள். "மூண்டு நாள் உள்ளுக்க கிடந்தா எல்லாம் சரிவரும்" என்பது திட்டம். சனிக்கிழமை மத்தியானம் அவர் வியர்த்து நனைந்து, சாப்பாட்டைச் சத்தி எடுத்து, சுவரில் எறும்பு ஊருது என்று துடைத்துக்கொண்டிருந்தார். யன்னலால் பார்த்தேன். சுவரில் ஒன்றுமே இல்லை. "நடிப்பு, துறக்காத" என்றார் பெரியப்பா.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு இந்தப் பக்கம் கடற்கரைக்குப் போனேன், வீட்டில் நின்று பேசினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் பேசவேண்டும் என்பதால். ஒரு வள்ளத்தின் மறைவில் நின்று எடுத்தேன். "தமிழ், தமிழ்" என்றேன். பொறுக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். எனக்கு முன்னால் ஒரு மான் நின்று யாரோ எறிந்த லஞ்ச் ஷீட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. வைப்போமா வைப்போமா என்று மனம் அடித்துக்கொண்டிருக்க, அந்த மானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்த குரலில் மலைநாட்டுச் சாயல் இருந்தது. "சொல்லுங்க அக்கா" என்றது. எனக்கு அந்த நிமிடமே நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இந்தக் குரலுக்கு எங்கள் ஒழுங்கையைத் தெரியாது. மாஸ்டரைத் தெரியாது. மச்சாள் எந்தக் கிழமை தாய் வீட்டுக்குப் போனா என்று தெரியாது. "பேர் சொல்லணுமா?" என்று கேட்டேன். "கூப்பிடத்தான் அக்கா, ஏதாவது ஒரு பேர் சொன்னாலும் போதும்." என் கணக்கு ரீச்சரின் பெயரைச் சொன்னேன். ஏனென்று கேட்காதீர்கள், வாயில் வந்தது அதுதான்.

நான் பத்து வருடத்துக் கதையைத் தொடங்கினேன். அந்தப் பெண் கொஞ்சம் கேட்டுவிட்டு மெதுவாகக் குறுக்கிட்டா. "கடைசியா எப்ப குடிச்சாரு?" வெள்ளி இரவு எட்டு மணி போல. "கை நடுங்குதா? வியர்க்குதா? முன்ன எப்பவாவது வலிப்பு வந்திருக்கா? இல்லாத ஒண்டை இருக்கிற மாதிரிப் பேசுறாரா?" எறும்பைச் சொன்னேன். குரல் அப்படியே நிதானமாக, ஆனால் வேகமாக வந்தது. "அக்கா, கதவத் திறந்து இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்ஸுக்கு எடுங்க, இலவசம். அவர் நடிக்கல."

வார்டில் வைத்தியர் பிறகு விளக்கினார். நாள்பட்ட குடியை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் புத்தி தடுமாறி, காய்ச்சலும் படபடப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கத்துக்கு மருந்தும் விற்றமின் பி1 ஊசியும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்களாம். நாங்கள் அன்புக்காகப் போட்ட பூட்டு அது. சாவி பெரியப்பாவின் சட்டைப் பையில் கிடந்தது.

அந்தக் கோல் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று முழங்கப்போவதில்லை. அவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். மனிதரைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் (பெரியப்பாவுக்கு அதில் பெரிய ஏமாற்றம்). மாறி மாறி எடுத்தால் ஒவ்வொரு தரமும் வேறு ஒருவர் வருவார், முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். அப்புறம் கிளினிக்குக்கு நாங்கள்தான் நடந்தோம், வரிசையில் அந்த இருபது பேரும் திரும்பித்தான் பார்த்தார்கள். ஆனால் ஒருதரம் யாரிடமோ முழுவதையும் சொல்லி முடித்திருந்ததால், திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்து என்னால் சிரிக்க முடிந்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. குடிப்பவர்தான் எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாய் எடுக்கலாம், தங்கச்சி எடுக்கலாம். அவருக்கு விருப்பமில்லாவிட்டாலும் எடுக்கலாம், என்ன செய்யக்கூடாது என்று கேட்டு அறியவாவது. நேற்றைய படத்துப் பெடியனின் தாய்க்கு இதை யார் சொன்னது? ஐஸ் சாராயம் மாதிரி இல்லை. விட்டவுடன் நாள் கணக்காகத் தூங்குவார்கள், பிறகு மனம் அடியோடு விழும், சாகலாம் என்ற எண்ணம் வரக்கூடிய நேரம் அதுதான். அந்த நேரத்தில் அவனுடைய முகம் எத்தனை குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? அந்தப் படத்தைப் போட்டவர்களும் நாளைக்கு "ஏன் உதவி கேட்கயில்லை" என்று எழுதுவார்கள்.

நான் எந்த இலக்கத்துக்கு எடுத்தேன் என்று சொல்லாததன் காரணம் இதுதான்: இதை வாசித்துவிட்டு யாராவது எடுத்தால், "அவ எடுத்த இடம்" என்று அது எங்கள் கதையோடு ஒட்டிக்கொள்ளக்கூடாது. மேலே 1926, 1927 என்று உதவிக்கு இரண்டு இலக்கம் எழுதியிருக்கிறேன். எதுவாவது இருக்கட்டும். என்ன பெயரிலாவது சேமித்து வையுங்கள்.

அண்ணா ஆறு மாதம் தொடவில்லை. சித்திரை வருசத்தன்று தொட்டார். விடிய எழும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "உன்ர தையல் அக்காவின்ர நம்பரைத் தா" என்றார். போனைக் கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அம்மா கதவுப் பக்கம் போகப் பார்த்தா, கையைப் பிடித்து நிறுத்தினேன். வெகுநேரம் பேசினார். வெளியே வந்து போனை மேசையில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். என்ன பேசினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.