இரண்டாவது ஆல்பத்துக்கு ஸ்டுடியோ புக் பண்ணும் முன்

பெங்களூரில் தமிழில் ராக் பாடும் பேண்டுகள் இரண்டாவது ஆல்பம் என்றதும் வயலின் செக்‌ஷன், கோரஸ், மிருதங்கம் என்று ஆசைப்படுகின்றன. ஆசைப்படத்தான் வேண்டும். இதே ஊர் அகம் பேண்டின் முதல் ஆல்பம் 2012-ல் வந்தது, இரண்டாவது 2017-ல். பெரிதாக யோசித்தால் அவ்வளவு காலம் பிடிக்கும். அந்தக் காலத்தை ஜாம் ரூமில், அதாவது பேண்ட் பயிற்சி அறையில், செலவழியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

டிரம், பேஸ், ஒரு கிடார், குரல். இந்த நாலை மட்டும் க்ளிக்கோடு (காதில் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஒலி) டெமோ எடுங்கள். அதில் நிற்காத பாட்டை வயலின் வந்து தூக்கிவிடாது. வயலின், கீபோர்டு, ரிதம் கிடார் மூன்றும் 200 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் முட்டிக்கொள்ளும். குரலின் கனமும் அங்கேதான் இருக்கிறது. பல்லவியில் வயலின் நுழைந்தால் கீபோர்டு ஒரு ஆக்டேவ் மேலே போகட்டும், இல்லை கையை எடுக்கட்டும்.

டிரம்முக்கு மேலே தொங்கும் இரண்டு மைக்கையும் ஸ்னேரின் (டிரம் செட்டில் 'டப்' என்று வெட்டி ஒலிக்கும் டிரம்) நடுவிலிருந்து கயிறு பிடித்து ஒரே தூரத்தில் வையுங்கள். 34 செ.மீ. வித்தியாசம் வந்தால் 1 மில்லிசெகண்ட் தாமதம். மோனோவில், அதாவது இரண்டு மைக்கையும் ஒன்றாகக் கலந்து கேட்டால், 500 ஹெர்ட்ஸில் குழி விழுந்து ஸ்னேர் சோகையாகிவிடும். பிறகு ட்ராக்கை நகர்த்தினால் ஸ்னேர் சேரும், சிம்பல் விலகும்.

மாஸ்டரை, அதாவது வெளியிடப்போகும் இறுதி ஒலிப்பதிவை, கம்ப்ரஸ் செய்து நசுக்கி சத்தம் ஏற்றுவதும் வீண். ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 லஃப்ஸுக்கு (LUFS, சத்தத்தை அளக்கும் அலகு) இறக்கித்தான் ஒலிக்கவிடும். டிரம்மின் அடி போனது போனதுதான்.

இதையெல்லாம் விட என்னை வருத்துவது குரல். மெட்டை 'நா நா நா' என்று முனகிப் போட்டுவிட்டுப் பிறகு வரியைத் திணிக்கிறார்கள். நீளும் சுரம் குறில் மேல் விழுகிறது. 'என்னை விடு' என்று இரண்டு தாளத்துக்கு இழுத்தால் கேட்பவருக்கு 'என்னை வீடு'. 'என்னை விடுவாயா' என்று மாற்றினால் நீளம் வா, யா மேல் உட்காரும், பொருள் கெடாது. 'காற்று' என்று முடித்து 'று'வை இழுக்காதீர்கள். அது குற்றியலுகரம், அரை மாத்திரைதான் அதற்கு. இழுப்பதை 'கா'விலேயே இழுத்துவிடுங்கள்.

இந்த ஊர் பேண்டுகளில் டிரம்மர் கன்னடம், கிடாரிஸ்ட் மலையாளம் என்று கலந்திருப்பார்கள். தமிழ் தெரிந்த ஒரே ஆள் பாடுபவர். வரி மனப்பாடம் என்பதால் அவர் காதுக்குப் பிழை தெரியாது. அதனால் டெமோவை வரியே பார்க்காத தமிழ்க்காரர் ஒருவரிடம், அல்சூர் எதிர்வீட்டு அக்காவானாலும் சரி, போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். தாளில் 'வீடு' இருந்தால் வரியை மாற்றிவிட்டு ஸ்டுடியோவில் தேதி வாங்குங்கள்.