நத்தார் விருந்தும் கடைச்சாப்பாடும்

சென்ற ஆண்டு நத்தார் (கிறிஸ்மஸ்) மதியச் சாப்பாட்டை நாங்கள் யாழ்ப்பாண நகரிலுள்ள ஓர் உணவகத்தில் வைத்துக்கொண்டோம் என்ற செய்தி உறவினர்களிடையே பரவியதிலிருந்து, சோம்பேறி என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கும் என் அண்ணா காணொளி அழைப்பில் வந்து, "என்ன தங்கச்சி, நத்தாருக்கும் கடைச்சாப்பாடோ? அம்மா இருந்திருந்தால்…" என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமலே விட்டுவிட்டார். அந்த மீதி என்னை ஓராண்டாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இவ்வாண்டும் அதே ஏற்பாட்டைச் செய்யவிருப்பதால், என் தரப்பை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் குருநகர் வீட்டு நத்தார் எப்படி இருந்தது என்பதை அண்ணா மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. நவம்பர் கடைசியிலேயே பிளம்ஸும் கஜுவும் தோடம்பழத் தோலும் பொடிப்பொடியாக வெட்டப்பட்டுப் பிராந்தியில் ஊறத் தொடங்கிவிடும். வீட்டில் போறணை இல்லாததால், கேக் கலவையைத் தட்டுகளில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டுக் கடதாசியை ஒட்டி, சந்திப் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேறு எவருடைய தட்டாவது நம்முடையதாக மாறி வந்துவிடுமோ என்ற பயத்துடன் காத்திருப்போம். 24ஆம் திகதி காலையில் ஐயா பனையோலை உமலைக் கையில் எடுத்துக்கொண்டு பங்கு இறைச்சி வாங்கப் புறப்படுவார். அயலில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, எலும்பும் ஈரலும் கொழுப்பும் ஒருவருக்குக் கூடாமலும் மற்றவருக்குக் குறையாமலும் பங்கு போடுவதைப் பார்ப்பதே எங்களுக்குப் பாதிப் பண்டிகை. அன்று மாலை அடுப்படியில் அம்மா, பெரியம்மா, சின்ன மாமி, இரண்டு அக்காமார், நான் என்று ஆறு பெண்கள் இருப்போம். தேங்காய் திருவுவதற்கு அண்ணாவும் தம்பியும் திருவலையில் மாறிமாறி அமர்வார்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து கோப்பியும் கேக்கும் எடுத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கண்ணயர்ந்து எழுந்தால், இடியப்பத்துக்கு மா குழைக்கும் நேரம் வந்துவிடும்.

அந்தச் சமையல் ஒருவருடைய கைத்திறனால் நடந்ததன்று. ஒன்பது பத்துப் பேரின் உழைப்பால் நடந்தது. இன்று பெரியம்மாவும் அம்மாவும் உயிருடன் இல்லை. மாமி மகனோடு இலண்டனிலும், அக்காமாரில் ஒருவர் பாரிசிலும் மற்றவர் கொழும்பிலும் இருக்கிறார்கள். தம்பி மெல்பேணில். என் பிள்ளைகள் இருவருமே வெளிநாட்டில். இந்த வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் முழங்கால் வலியுள்ள என் கணவரும் அறுபதைக் கடந்த நானும் மட்டுமே. உணவகம் வந்து எங்கள் நத்தார்ச் சமையலைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிப் பார்க்கிறார்கள். சமைத்த கைகள் விமானம் ஏறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் நான் உணவகத்தின் கதவைத் திறந்தேன்.

அண்ணா 1989ஆம் ஆண்டு புறப்பட்டவர். அதற்குப் பிறகு இந்த ஊரில் வந்த நத்தார்கள் எல்லாம் அவர் கண்ட நத்தார்களைப் போலவே இருந்தன என்று அவர் எண்ணுகிறாரோ தெரியவில்லை. 1993 நவம்பர் 13ஆம் திகதி எங்கள் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு விழுந்தது. அவ்வாண்டு எங்கள் தெருவில் எவருமே பலகாரத்துக்குத் தாச்சி வைக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால், எங்கள் நகரம் உட்பட வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த நத்தாருக்குச் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறை வாசலில் மூன்று கல் வைத்து, சோறும் பருப்பும் ஒரு ரின் மீனும் சமைத்தோம். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு வந்த நத்தாருக்கு மாவும் சீனியும் கிடைப்பதே அரிதாக இருந்தது. அம்மா இரண்டு முட்டையை வைத்துக்கொண்டு செய்த கேக் உரொட்டியைப் போல இருந்தது, அதையும் ஒன்பது துண்டாக வெட்டினார். 2022இல் எரிவாயு இல்லாமல் மீண்டும் விறகுக்குப் போனோம். இத்தனை விதமாகக் கொண்டாடிய பிறகு, ஒரு மேசையில் அமர்ந்து இன்னொருவர் பரிமாற உண்பதால் பண்டிகை பண்டிகையாக இல்லாமற்போய்விடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மரபு என்ற சொல்லையும் அண்ணா பயன்படுத்தினார். நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, பாணும் அவர்களுடையது. எங்கள் கறித்தூளுக்கு நிறமும் உறைப்பும் தரும் செத்தல் மிளகாய் அவர்கள் கடல்வழி வந்த பிறகே இந்தப் பக்கத்தில் பரவியது. கேக் ஆங்கிலேயர் காலத்துப் பழக்கம். எங்கள் பாட்டிமார் வந்ததையெல்லாம் தயக்கமின்றி எடுத்துத் தங்கள் அடுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவர்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லி என்னை அடுப்படியில் கட்டிவைப்பது அவர்களுக்கே பொருந்தாது.

இவ்வளவும் சொல்வதால் உணவகச் சாப்பாடு சிறப்பாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வான்கோழி என்று வெட்டித் தந்தது வாயில் தும்பாகச் சுற்றியது. அதன் பக்கத்தில் வைத்திருந்த இனிப்புக் குழம்பு எதற்கு என்று என் கணவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இத்தனை வகைகளுக்கு நடுவே தேங்காய்ப்பாலில் ஒரு சொதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. ஆட்டுக்கறி மட்டும் பரவாயில்லை, ஆனால் அது எங்கள் ஊர்த் தூளன்று. ஒருவருக்கு 6500 ரூபா என்று அறிவித்திருந்தார்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதற்குமேல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமும் ஏறியபோது 8400 ரூபாவைத் தாண்டிவிட்டது. அதை முதலிலேயே கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். காசாளரும் சிரித்தார், நானும் சிரித்தேன். இருவர் சாப்பாட்டுக்குக் கொடுத்த அந்தக் காசில் வீட்டில் ஒரு தெருவுக்கே சோறு போட்டிருக்கலாம் என்பார் அண்ணா. போட்டிருக்கலாம்தான், யார் சமைப்பது?

எங்களுக்குப் பரிமாறிய பையன் பாசையூரைச் சேர்ந்தவன். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் படுத்துவிட்டுக் காலை ஏழு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். "அம்மா எனக்கெண்டு இறைச்சிக் கறி எடுத்து வைச்சிருப்பா, அன்ரி. இரவு போய்த்தான் சாப்பிடவேணும்" என்றபோது, கையிலெடுத்த கரண்டியை நான் ஒரு கணம் கீழே வைத்தேன். அன்றைய வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றும், தானே கேட்டு எடுத்த நேரமுறை என்றும் அவன் சொன்னான். என் அம்மாவுக்கு அறுபது ஆண்டுகளில் ஒருநாட்கூட அப்படி எவரும் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆயினும் அந்தப் பையனின் வீட்டில் மூடிவைத்திருந்த கறிச்சட்டியின் நினைவு இன்னும் எனக்குள் இருக்கிறது. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

உண்மையில் இழந்தது என்று நான் ஒப்புக்கொள்வது இரண்டு. ஒன்று, மறுநாட் காலைக் கறி. முதல்நாள் இறைச்சிக் கறியை வற்றக் காய்ச்சி, சட்டியின் அடியைப் பாணால் துடைத்து உண்ணும் இன்பத்தை எந்த உணவகமும் கட்டித் தராது. மற்றது, எண்ணாமல் சமைப்பது. முன்பு நத்தாரன்று எத்தனை பேர் வருவார்கள் என்று அம்மா கேட்டதே இல்லை. படலை திறந்தே இருக்கும், வந்தவருக்கு இருந்தது. உணவகத்திலோ தலையை எண்ணிப் பெயர் கொடுத்து முற்பணம் கட்டவேண்டும். வழியில் கண்ட ஒருவரை "வாங்கோ, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று அழைக்க முடியாது.

அயல்வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவதை மட்டும் நான் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சைவக்காரர். பிள்ளையார் பெருங்கதை விரதமோ திருவெம்பாவையோ, பெரும்பாலான ஆண்டுகளில் ஏதாவதொன்று நத்தாரோடு சேர்ந்து வரும். ஆகவே எங்கள் நத்தார் மேசையில் அவர் அமர்ந்ததே இல்லை. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் படாத தனித் தாச்சியில், புதிய எண்ணெயில், முட்டை சேராத பயத்தம் பணியாரத்தை அம்மா அவருக்கென்று சுடுவார். மதிலுக்கு மேலால் தட்டுப் போகும், தைப்பொங்கலுக்கு அதே தட்டு சர்க்கரைப் பொங்கலோடு திரும்பும். சென்ற ஆண்டும் 24ஆம் திகதி மாலை அந்தத் தாச்சியை எடுத்து, நாற்பது பணியாரம் சுட்டேன். இருவர் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை அது. மதிய விருந்துக்கு உழைக்கவேண்டியிருந்திருந்தால் அதுவும் கடைப் பெட்டியாகத்தான் போயிருக்கும்.

இவ்வாண்டு அண்ணா குடும்பத்தோடு நத்தாருக்கு ஊருக்கு வருகிறார். வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான். 25ஆம் திகதி காலையில் சாப்பிட வராமல் 23ஆம் திகதியே வந்துவிடும்படியும், அம்மாவின் திருவலையைத் தீட்டி வைத்திருப்பதாகவும், இறைச்சிக்கு விடியற்காலையில் போகவேண்டியது அவர்தான் என்றும், வெங்காயம் உரிப்பதற்கு அண்ணியையும் பிள்ளைகளையும் ஆயத்தப்படுத்தும்படியும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. நேற்றிரவு வந்தது: அந்த உணவகத்தில் ஏழு பேருக்கு இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருந்தார். நாளைக் காலை போய்க் கேட்கவேண்டும். சொதி வைப்பார்களா என்பதையும் சேர்த்து.