ஓர் அங்குலத்துக்காக நாற்பது கிலோ

என் சித்தி மகள் போன வாரம் கேட்டாள்: "அக்கா, தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டுகிற மாதிரி ஒரு பைக் வாங்கப் போகிறேன். எனக்கு எதில் கால் எட்டும்?" அவள் ஐந்தடி ஓர் அங்குலம், 46 கிலோ. ஏறக்குறைய என் அளவுதான். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். குள்ளமாகவும் ஒல்லியாகவும் இருக்கிற எல்லோரும், ஆணோ பெண்ணோ, இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கேள்வியே தவறு என்று எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஷோரூமில் தரை வழவழவென்று சமமாக இருக்கும். அங்கே உட்கார்ந்து இரண்டு பாதமும் பதிந்தால் மனம் நிறைந்துவிடும். ஜவ்வாது மலையில் அப்படி ஒரு தரை கிடையாது. அங்கே ஒரு சரிவான மண்பாதையில், நண்பர் ஒருவரின் கனமான வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஆடுகள் வந்தன. நிறுத்தி வலது காலை ஊன்றினேன். பள்ளப் பக்கம் அது. கால் தேடிய இடத்தில் மண் இல்லை. அரை அடி கீழே இருந்தது. வண்டி மெதுவாகச் சாயத் தொடங்கியதும் தொடையால் தாங்கிப் பார்த்தேன். ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரும் அவர் பேரனும் ஓடிவந்து தூக்கிக் கொடுத்தார்கள். "நீ மட்டும் தனியா வந்திருந்தா என்னம்மா செய்வே?" என்று பெரியவர் கேட்டார். அன்று இரவு முழுவதும் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது.

கணக்கைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-இல் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் 825. கால் எட்டுவதை மட்டும் பார்த்தால் ஹிமாலயன்தான் நமக்கு வண்டி. ஆனால் அதன் எடை 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் ஏறக்குறைய 159 கிலோ. ஓர் அங்குலம் குறைவதற்காக நாற்பது கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறோம். என் சித்தி மகளின் மொத்த எடையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஹிமாலயனை நான் குறை சொல்லவில்லை. எழுபது, எண்பது கிலோ உள்ளவர் நெடுந்தூரம் போக அருமையான வண்டி. சாயும்போது பிடித்து நிறுத்தும் வலு நம் உடம்பில் எவ்வளவு என்பதுதான் என் கவலை.

சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸில் இருக்கை 835 மில்லிமீட்டர், எடை 167 கிலோ. தார்ச்சாலைப் பயணமே அதிகம் என்றால் அதையும் தாராளமாகப் பார்க்கலாம். எக்ஸ்பல்ஸிலேயே 'புரோ' என்று ஒன்று உண்டு; இருக்கை 891 மில்லிமீட்டர். முதல் வண்டியாக அது வேண்டாம்.

உயரத்தை அட்டவணையில் உள்ள எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருக்கையின் முன்பகுதி ஒடுங்கியிருந்தால் தொடைகள் விரியாமல் கால் நேராக இறங்கும். அகலமாக இருந்தால் அதே உயரத்திலேயே நுனிவிரல்தான் தொடும். நம்மைப் போன்ற எடை குறைந்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் நம்மைவிடக் கனமானவர்களை நினைத்து அமைக்கப்பட்டவை. அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி நன்றாக அமுங்கும். நமக்கு அவ்வளவு அமுங்காது, அதனால் அதே வண்டி நமக்கு இன்னும் உயரம். பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதிலேயே பலருக்குப் பாதி பயம் போய்விடும்.

அதற்கும் பிறகு போதவில்லை என்றால் இருக்கையின் நுரையைக் கொஞ்சம் செதுக்கலாம். பின்பக்க ஸ்பிரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தகடுகளை மாற்றி வண்டியையே தாழ்த்துவதை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைந்து, கல்லில் இடிக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களான ஃபோர்க்கையும் அதே அளவுக்கு இறக்காவிட்டால் வளைவுகளில் வண்டி மந்தமாகத் திரும்பும். சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும். தாழ்த்திய வண்டியைப் பழைய நீள ஸ்டாண்டில் நிறுத்தினால் நெட்டுக்குத்தாக நிற்கும், லேசாகக் காற்றடித்தாலே மறுபக்கம் சாயும். இதைச் சொல்லாமலே தாழ்த்திக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு பாதமும் பதிய வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை மட்டும் முழுதாக ஊன்றுங்கள். வலது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். நிறுத்துவதற்கு முன்பே எந்தப் பக்கம் மேடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இப்படித்தான் ஏறி இறங்கினேன்.

விழுந்த வண்டியைத் தூக்குவதையும் வாங்குவதற்கு முன்பே பழக வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுவிடுங்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கை விளிம்பில் பின்புறத்தை முட்டுக்கொடுத்துக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டிலில், மறுகை பின்கம்பியில். முதுகை வளைக்காமல், கால்களால் உந்திச் சின்னச் சின்ன எட்டுகளாகப் பின்னோக்கி நடங்கள். என் 47 கிலோவை வைத்துக்கொண்டு எக்ஸ்பல்ஸைத் தனியாகத் தூக்குகிறேன். முதல் நாள் முடியவில்லை, நான்காம் நாள் முடிந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைப் புல்வெளிக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறேன். என் வண்டியை நானே புல்லில் படுக்க வைப்பேன். அவள் தூக்கிப் பார்க்கட்டும். ஷோரூமுக்கு அதன் பிறகு போகலாம்.